மருந்துச் சீட்டு எழுதும் செவிலியர்

1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, குழந்தைகளைத் தாமே பரிசோதிக்கும் செவிலியர்களுக்குப் பயிற்சி தொடங்கினார்கள். இன்று அந்த நாட்டில் முதியோர் நலம், மனநலம் என்று பல துறைகளில் இப்படிப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் மருந்துச் சீட்டே எழுதுகிறார்கள். நம் பொங்கலூர்ப் பக்கம் பனியன் கம்பெனி ஷிஃப்ட்டையும் தறியையும் விட்டுவிட்டுப் பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர் போவார்கள்? 2021-ல் வந்த தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்த்து, மாத்திரை தருகிறது. ஆனால் மருந்தை முடிவு செய்கிறவர் மருத்துவர்தான். அதைச் செவிலியரே முடிவு செய்தால் என்ன?

“டாக்டருக்குப் படிக்காதவர் மருந்து எழுதலாமா?” நியாயமான கேள்விதான். ஆனால் 2018-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஆரம்ப சிகிச்சையில் பயிற்சி பெற்ற செவிலியர் தரும் பலன் மருத்துவர் தருவதற்குக் குறைந்ததில்லை என்கிறது. இங்கேயும் தீவிர சிகிச்சையில் இத்தகைய செவிலியர்களை உருவாக்க இந்திய நர்சிங் கவுன்சில் முதுநிலைப் படிப்பே வகுத்திருக்கிறது. எந்த நோயாளியை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற எல்லையைக் கறாராக வரைந்துவிட்டு, சாதாரண பிரஷர் மாத்திரையை எழுதும் உரிமையைப் பயிற்சி பெற்ற செவிலியர்களுக்குத் தரலாம்.