மழை ஊருக்குப் பெட்டி கட்டும்போது

(நமது குடியிருப்பின் மூத்தோர் சந்திப்பில் பேசியது)



வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க நம் குடியிருப்பிலிருந்து வருடா வருடம் பலர் கிளம்புகிறார்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் மகள் வீட்டில் நானும் என் மனைவியும் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தோம். "மழை ஊருக்கு என்னென்ன எடுத்துப் போகணும்னு பத்து நிமிஷம் சொல்லுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். வங்கியில் கணக்கு எழுதியே காலம் கழித்தவன் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. எடின்பரோவில் சுமார் 700 தான். ஏறக்குறைய நம்மில் பாதி! பிறகு ஏன் அதை மழை ஊர் என்கிறார்கள்? நமக்கு மழை என்பது டெபாசிட் முதிர்வுத் தொகை மாதிரி. ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாக வந்து விழும். அங்கே மாத வட்டி மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக, பன்னிரண்டு மாதமும் வந்துகொண்டே இருக்கும்.

இங்கே மழை பெய்தால் நாம் வீட்டில் உட்கார்ந்து நிற்கட்டும் என்று காத்திருப்போம். அங்கே அப்படிக் காத்திருந்தால் திரும்பி வரும் டிக்கெட் தேதி வந்துவிடும். காலையில் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். நாம் கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்போம். "ஊர் பிடிக்கலை, பொழுதே போகலை" என்று அங்கிருந்து போன் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குக் காரணம், மழையில் போட்டு நடக்கச் செருப்பு, சட்டை சரியாக இல்லாததுதான். பெட்டியில் என்ன வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் யார் துணையும் இல்லாமல் நாம் வெளியே போய்வர முடியுமா என்பது தீர்மானமாகிறது.

எடின்பரோ நடப்பதற்கென்றே அமைந்த ஊர். வேவர்லி ரயில் நிலையம், கடைத்தெருவான பிரின்சஸ் ஸ்ட்ரீட், மலைமேல் கோட்டை எல்லாமே ஒன்றுக்கொன்று நடை தூரம். கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று மேலே போகும் சரிவான தெருவுக்கு ராயல் மைல் என்று பெயர். பெரும்பாலும் கல் பாவிய தெரு. இரண்டு பக்கமும் படிக்கட்டுச் சந்துகள் இறங்கும். மழையில் அந்தக் கற்கள் வழுக்கும். நம் வயதில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் செலவு காலணிக்கு. தண்ணீர் உள்ளே இறங்காத, அடியில் ஆழமான வரிகள் உள்ள ரப்பர் சோல் ஷூ வாங்குங்கள். தோல் சோலும் தேய்ந்த செருப்பும் வேண்டாம். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு, கடையில் சாயங்கால வேளையில் அளவு பாருங்கள். அந்நேரம் கால் சற்று வீங்கியிருக்கும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அதைப் போட்டு நம் வளாகத்தைத் தினமும் சுற்றி வாருங்கள். கொப்புளம் வருவதானால் இங்கேயே வரட்டும். விமானத்தில் அதையே போட்டுக்கொண்டு ஏறினால் பெட்டி எடையும் மிச்சம். ஷூ நனைந்துவிட்டால் ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், வெடித்துவிடும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது குடையா, ஜாக்கெட்டா என்ற கேள்வி. கடல் பக்கத்தில் இருப்பதால் அங்கே காற்று பலம். குடையை ஒரே வீச்சில் திருப்பிப் போட்டுவிடும். அதோடு குடை ஒரு கையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். படியில் இறங்கும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் சும்மா இருப்பது நல்லது. அதனால் தலைமூடி வைத்த மழை ஜாக்கெட்தான் சரி. மழைக்கோட்டு ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பழைய சொத்து. கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்ல்ஸ் மேக்கின்டாஷ் 1823-ல் ரப்பர் சேர்த்த துணிக்குக் காப்புரிமை வாங்கினார். மேக்கின்டாஷ் என்று மழைக்கோட்டுக்கே பெயர் வந்துவிட்டது.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் தூறலுக்குத்தான் தாங்கும். 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டு, உள்பக்கம் தையலின்மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வீட்டு ஷவருக்கு அடியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். உண்மை தெரிந்துவிடும். உள்ளே ஸ்வெட்டர் போட இடமிருக்கும்படி ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். தலைமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். சாலையைக் கடக்கும்போது கழுத்தை நன்றாகத் திருப்பிப் பாருங்கள். வண்டிகள் அங்கேயும் நம்மூர் போல இடது பக்கம்தான் போகும்.

உடைகளில் நமக்குப் பிரியமான பருத்தி அங்கே உதவாது. நனைந்தால் காய நாளாகும், உடம்புக் சூட்டையும் உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் அதைவிட மோசம். ஜூலையில்கூடப் பகல் வெப்பம் சராசரியாக 19 டிகிரிதான். ஒரே ஒரு கனத்த கோட்டுக்குப் பதில் மெல்லிய தெர்மல், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட் என்று அடுக்காகப் போடுங்கள். கடைக்குள் நுழைந்தால் ஒன்றைக் கழற்றலாம். சீக்கிரம் காயும் பேன்ட் இரண்டு, கம்பளி கலந்த சாக்ஸ் நான்கு ஜோடி போதும். சகோதரிகள் கோபிக்கக் கூடாது. புடவைக் கரை ஈரத்தைத் திரி போல மேலே ஏற்றும். வெளியே போக லெகின்ஸும் குட்டைக் குர்தாவும் வசதி. விசேஷத்துக்கு ஒரு புடவை இருந்தால் போதும்.

சின்னச் சாமான்கள்: முதுகுப் பைக்குள் போட ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை, போனுக்கும் பாஸ்போர்ட் நகலுக்கும் ஜிப் கவர், மூக்குக் கண்ணாடி துடைக்கத் துணி, தட்டையான மூன்று பின் கொண்ட அடாப்டர். மின்னழுத்தம் நம்மூர் போலத்தான், வேறு கருவி தேவையில்லை. டிசம்பரில் போகிறவர்கள் சிறு டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தூங்கக் கண்மறைப்புத் துணி வேண்டும்.

மருந்துகள் எல்லாம் கைப்பையில், டாக்டர் சீட்டோடு. பெரிய பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் சர்க்கரை மாத்திரை நிற்கக் கூடாது. நெய், பால்கோவா வேண்டாம். பால் பொருட்களை நம் நாட்டிலிருந்து கொண்டுபோக அங்கே அனுமதியில்லை. அந்த எடைக்கு இன்னொரு ஸ்வெட்டர் வைக்கலாம்.

மழை வலுத்தால் ஒதுங்க இடமுண்டு. சேம்பர்ஸ் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம். என் மனைவி ஊருக்குப் போன பத்தாம் நாளே தனியாக அங்கே நடந்து போய், பார்த்துவிட்டு, காய்கறியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். அன்று சாயங்காலம் மகள் முகத்தில் தெரிந்த நிம்மதிக்கு எந்தக் கணக்கிலும் வரவு வைக்க முடியாது.

பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு ஒன்றும் அடாப்டர் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. யார் கிளம்பினாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் கொடுத்தால் போதும், வட்டி கிடையாது.