எங்கள் தோலும் லேசர் ஒளியும்

(தம்புள்ளையில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் மதிய உணவுக்கு முன் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பது ஒருவர் என்றாலும் எழுதியது நால்வர். ஒரே வகுப்பு, ஒரே விடுதி. எங்களில் ஒருத்தி தோல் கிளினிக்கில் தாதி. ஒருத்தி பதினெட்டு வருடமாகச் சலூன் நடத்துகிறாள். ஒருத்தி விஞ்ஞான ஆசிரியை. நான்காமவளைப் பற்றிச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறோம்.

ஒன்றுகூடலைத் தம்புள்ளையில் வைத்ததற்குச் சிலர் முகம் சுளித்தது எங்களுக்குத் தெரியும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் அம்பேபுஸ்ஸவிலிருந்து திருகோணமலை போகும் ஏ6 வீதியும் சந்திக்கும் இடம் இது. நாடெங்கும் இருந்து மரக்கறி லொறிகள் இங்கே வந்து சேரும்போது நாங்கள் வந்து சேர முடியாதா என்று செயலாளர் கேட்டார். அதற்கு ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை.

சுகாதாரம் பற்றிப் பேசுங்கள் என்றுதான் குழுவினர் கேட்டார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நாங்கள் லேசரைத் தெரிவு செய்ததற்குக் காரணம், எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவரும் கேட்காத, ஆனால் எங்கள் நால்வருக்கும் தனித்தனியாக வந்துகொண்டே இருக்கும் கேள்வி அதுதான். "முகத்துக்கு லேசர் செய்யலாமா? மற்றவர்களுக்குச் சொல்லாதே." இந்த இரண்டாவது வசனம் எப்போதும் கூடவே வரும்.

இனி நான்காமவள். மகளின் கலியாணத்துக்கு ஐந்து கிழமை இருந்தது. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வந்த மங்கு இரண்டு கன்னத்திலும் அப்படியே நின்றுவிட்டது. ஒரு நகரத்தில் புதிதாகத் திறந்த இடமொன்றில் மூன்று முறை செய்தால் ஒரு முறை இலவசம் என்று விளம்பரம். போனாள். மெஷினைப் பிடித்த பிள்ளை மரியாதையாகத்தான் நடந்தாள். ஆனால் கேட்டது ஒரே கேள்வி: காசா, கார்டா? தினமும் வெயிலில் ஸ்கூட்டர் ஓடுகிறாளா, என்ன மருந்து எடுக்கிறாள், என்ன கிறீம் பூசுகிறாள் என்று ஒன்றும் கேட்கவில்லை. சுடுகிறது என்று சொன்னபோது, "சுட்டால்தான் வேலை செய்யுது ஆன்டி" என்று பதில் வந்தது.

மறுநாள் காலையில் கன்னத்தில் சிவந்த நீள்சதுரங்கள். கைக்கருவியை வைத்து வைத்து எடுத்த வரிசையிலேயே இருந்தன. ஒரு கிழமையில் பொருக்கு உதிர்ந்தது. அடியில் இருந்தது பழைய மங்கைவிடக் கறுப்பு. கலியாண அல்பத்தில் மணமகளின் தாயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லாப் படத்திலும் பின்வரிசை, அல்லது முந்தானை கன்னத்தில்.

எங்களுக்கு அவள் ஏழு மாதம் சொல்லவில்லை. தாதியாக இருப்பவள் விடுதியில் அவளுடைய பக்கத்துக் கட்டில். அவளுக்குக்கூடச் சொல்லவில்லை. "இந்த வயதில் உனக்கென்ன அழகு?" என்று கேட்டுவிடுவோம் என்று பயந்தாளாம். கேட்டிருப்போம். அதைத்தான் எங்களால் இன்னும் விழுங்க முடியவில்லை.

லேசர் தோலில் என்ன செய்கிறது என்பது விஞ்ஞான ஆசிரியையின் பகுதி. முதல் லேசரை மைமன் என்ற அமெரிக்கர் 1960இல் இயக்கினார். சில வருடங்களிலேயே லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதைத் தோலில் பரிசோதித்தார். வடுக்களுக்கும் சுருக்கங்களுக்கும் இன்றும் பயன்படும் காபனீரொட்சைட்டு லேசரை 1964இல் உருவாக்கியவர் குமார் பட்டேல். மகாராஷ்டிராவில் பாராமதியில் பிறந்தவர். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்கிறாள் எங்கள் ஆசிரியை. 1983இல் அண்டர்சன், பரிஷ் என்ற இருவர் இன்றைய சிகிச்சைகளுக்கு அடித்தளமான கருத்தை வெளியிட்டார்கள்: சரியான அலைநீளத்தையும் சரியான நேர அளவையும் தெரிவு செய்தால், ஒளி தான் தேடும் நிறத்தில் மட்டும் உறிஞ்சப்பட்டு அங்கேயே சூடாகும், சுற்றியுள்ள தோல் தப்பிக்கும். சிவப்பு மச்சத்தில் அது தேடுவது இரத்தத்தின் நிறம். முடியிலும் கரும்புள்ளியிலும் தேடுவது மெலனின்.

எங்கள் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வெள்ளைக்காரியின் தோலில் முடிவேர் மட்டும் கறுப்பு, ஒளி நேரே அங்கே போய்விடும். எங்கள் தோலில் மேற்படை முழுவதும் மெலனின். முடியைத் தேடி வந்த ஒளி வழியிலேயே எங்களைச் சுட்டுவிடும். சுட்ட இடத்தில் எங்கள் தோல் இன்னும் கறுப்பாகவே ஆறும். ஆகவே எந்த மெஷின் என்பது பெரிய விஷயம். 755 நனோமீற்றர் அலெக்சாண்ட்ரைட் ஒளியை மெலனின் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். 1064 நனோமீற்றர் நியோடைமியம் யாக் ஒளி மேற்படையில் அதிகம் தங்காமல் ஆழத்துக்குப் போகும். அதனால் முடி அகற்றுவதற்கு மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அதுவே பாதுகாப்பு கூடியது. பல இடங்களில் லேசர் என்று சொல்லிச் செய்வது லேசரே அல்ல, ஐ.பி.எல். என்ற பளிச்சிடும் விளக்கு. பல அலைநீளங்கள் கலந்த ஒளி அது. நீள்சதுர அடையாளம் வந்தது அதிலிருந்துதான்.

தோலை வகைப்படுத்த உலகெங்கும் பாவிக்கும் அட்டவணையை ஃபிட்ஸ்பட்ரிக் என்பவர் 1975இல் வெள்ளைத் தோலை வைத்தே தொடங்கினார். எங்களைப் போன்றவர்களுக்கான ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகு சேர்க்கப்பட்டவை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் தங்கைமார் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே இடம் சுத்தமாக இருக்கும், ஆட்கள் அன்பாகப் பேசுவார்கள். "என்னைப் போன்ற நிறத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். காதோரத்தில் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில கிழமை பொறுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முடி பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். ஒரு முறையில் போகாது. வளரும் பருவத்தில் இருக்கும் முடிதான் அகப்படும் என்பதால் ஆறு, எட்டு முறை போக வேண்டிவரும். நரைமுடியில் மெலனின் இல்லை, பணம்தான் போகும். செய்வதற்கு முன் நூல் போட்டு எடுக்கக்கூடாது, வேர் உள்ளே இருக்க வேண்டும். மழிக்கலாம். தாடையிலும் கழுத்திலும் தடித்த முடி வந்து மாதவிலக்கும் ஒழுங்கில்லாமல் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது சூலகத்தை. பி.சி.ஓ.எஸ். என்று பிள்ளைகளே இப்போது பெயர் சொல்கிறார்கள். 2008இல் வெளியான கம்பஹா மாவட்ட ஆய்வொன்று, இனவிருத்தி வயதுப் பெண்களில் நூற்றுக்கு 6.3 பேருக்கு அது இருப்பதாகக் கண்டது. அதைக் கவனிக்காமல் லேசர் செய்தால் முடி திரும்ப வரும். சிலருக்கு, முக்கியமாக எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு, முகத்தில் செய்த இடத்தைச் சுற்றிப் புதிய முடி முளைப்பதும் உண்டு. இதைப் பெட்டிக்குள் வரும் துண்டுப் பிரசுரத்தில் தேடினாலும் காணமாட்டீர்கள்.

சலூன்காரி தன்னைப் பற்றியும் எழுதச் சொன்னாள். அவளுக்கும் ஒருவர் மெஷின் விற்க வந்தார். இரண்டு நாள் பயிற்சி, சட்டம் போட்டு மாட்ட ஒரு சான்றிதழ். முற்பணம் கட்டும் அளவுக்குப் போய்விட்டாள். நான்காமவளின் கன்னத்தைப் பார்த்த அன்று திருப்பிக் கேட்டாள். பாதிதான் கிடைத்தது.

மங்குக்கு லேசர் முதல் மருந்து அல்ல. வெயிலில் இருந்து காப்பதும் மருத்துவர் தரும் கிறீமும்தான் முதலில். மங்கை வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுப்பாக்கும். ஆகவே இரும்பு ஒட்சைட்டு சேர்ந்த, தோல் நிறத்திலுள்ள சன்ஸ்கிறீன் நல்லது. ஆனால் வெளிநாட்டில் இருந்து அக்காமார் அன்போடு பார்சலில் அனுப்பும் பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிறீம்கள் வேண்டாம். கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் இப்படியான கிறீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் 2023இல் வெளிக்கொண்டு வந்தார்கள். காரணம் பாதரசம்.

இன்னும் சில அடையாளங்கள் லேசருக்கு உரியவையே அல்ல. ஒட்டுப்பொட்டு வைக்கும் இடத்தில் வெளுத்தால் அது பொட்டின் பசை செய்யும் வேலை. பொட்டை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெளிறிய தேமல் போன்ற இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் தாமதிக்க வேண்டாம், தொழுநோய் இலங்கையில் இன்னும் வருகிறது, மாத்திரையில் குணமாகிறது. நிறமோ வடிவமோ மாறும் மச்சத்தை லேசரில் எரிக்க விடாதீர்கள். கழுத்துப் பிடரியில் வெல்வெட்டுப் போல் தடித்த கறுப்பு வந்தால் சீனியைப் பரிசோதியுங்கள். விடுதியில் எங்களோடு இருந்த ஒரு பிள்ளையின் கழுத்தை ஞாயிறுதோறும் பீர்க்கம் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அது அழுக்கு அல்ல. நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று பார்த்துச் சிரித்தோம். அந்தப் பிள்ளை இதை எங்கேயாவது வாசித்தால், எங்களை மன்னித்துக்கொள்.

லேசரே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பிறவியிலேயே முகத்தில் பரந்த சிவப்பு மச்சத்தோடு வரும் குழந்தைக்குச் சாய லேசர் செய்யும் உதவி பெரிது. தீக்காய வடு இறுகிக் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தவர் வடு இளகித் திரும்பிப் பார்த்ததை எங்கள் தாதி தன் கண்ணால் கண்டிருக்கிறாள். கையில் பிடிப்பவர் யார் என்பதுதான் கேள்வி. இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா, தோல் மருத்துவ நிபுணரா என்று கேட்பது அவமரியாதை அல்ல. தூரம், செலவு என்று யோசிப்பவர்கள் முதலில் அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போகலாம். கண்டியில் வரிசை நீளம்தான். நீளமான வரிசையில் நின்று கறுத்தவர்களை நாங்கள் காணவில்லை.

விடுமுறைக்கு ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பில் இறங்கி, மலிவு என்று லேசர் செய்துவிட்டு, மூன்றாம் நாள் நிலாவெளிக் கடற்கரைக்குப் போகாதீர்கள். முன்னும் பின்னும் சில கிழமை வெயில் படக்கூடாது.

நான்காமவளுக்குப் பதினான்கு மாதம் எடுத்தது. மருத்துவர் தந்த கிறீம், சன்ஸ்கிறீன், ஸ்கூட்டருக்குப் பதில் பஸ். காதோரத்தில் இரண்டு அடையாளம் இன்னும் இருக்கிறது. இந்த உரையில் தன் கதையைச் சேர்க்கச் சொன்னவள் அவளே. இப்போது இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேன் மூன்று மணிக்கு சிகிரியாவுக்குப் புறப்படும். 20 கிலோமீற்றர் அளவுதான். பாறையில் பொன்னிறப் பெண்களும் கருநிறப் பெண்களும் அருகருகே நிற்பதைப் பார்க்கலாம், படம் எடுக்க விடமாட்டார்கள். குடை, தொப்பி கொண்டு வாருங்கள். அண்மையில் லேசர் செய்தவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே நிழலில் எங்களோடு தேநீர் குடிக்கலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டோம். குழுப்படம் இரண்டரைக்கு. முன்வரிசையில் நடுவில் இருக்கும் கதிரையில் தயவுசெய்து ஒருவரும் உட்கார வேண்டாம். அது நான்காமவளுக்கு.