பழகுவதற்கு ஒரு தறி

(சோமனூரில் நம் அறக்கட்டளை நடத்திய கல்வி வழிகாட்டல் கூட்டத்தில், கணினி வலையமைப்புத் துறையில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



தறிச் சத்தம் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம் ஊரில் கிடையாது. என் அத்தாவும் கூலிக்குத் தறி ஓட்டியவர்தான். சத்தம் கொஞ்சம் மாறினாலே எந்தத் தறியில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அது புத்தகத்தில் படித்து வந்ததில்லை. தறிக்குப் பக்கத்தில் நின்று, கை வைத்து, தப்புச் செய்து, திருத்தி வந்தது. கணினி வேலையும் அப்படித்தாங்க.

நான் பட்டம் முடித்ததும் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் கட்டணம் கட்டினோம். சான்றிதழ் வந்தது. முதல் நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி கேட்டார்கள்: “காலையில் அலுவலகம் திறந்ததும் எந்தக் கணினிக்கும் ஐபி முகவரி கிடைக்கவில்லை. முதலில் எதைப் பார்ப்பாய்?” முகவரி கொடுக்கிற சர்வருக்கு டிஹெச்சிபி என்று பெயர், அது எனக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு முறைகூட நான் நிறுவிப் பார்த்ததில்லை. வாயடைத்து நின்றேன். அந்த வளையலை மீட்க இரண்டு வருஷம் ஆனது. உங்கள் வீட்டு வளையலுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் இன்று பேச வந்தேன்.

ஓடுகிற தறியில் புதுப் பையனைப் பழக விடுவோமா? பாவு போய்விடும் அல்லவா? அதேபோல எந்த நிறுவனமும் தன்னுடைய ஓடுகிற சர்வரில் பழக விடாது. அதனால் கெடுத்துப் பழகுவதற்கென்றே வீட்டில் ஒரு கணினி வேண்டும். இதை ‘ஹோம் லேப்’ என்கிறார்கள். ஒரே கணினிக்குள் மென்பொருள் மூலமாக மூன்று நான்கு கணினிகளை உண்டாக்கி, ஒன்றைச் சர்வராகவும் மற்றவற்றை அலுவலகக் கணினிகளாகவும் வைத்துப் பழகலாம். பழைய கணினியே போதும். 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி இருந்தால் தாராளம். 8 ஜிபி இருந்தாலும் லினக்ஸ் வைத்துத் தொடங்கிவிடலாம்.

“கணினி சரி, மென்பொருளுக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘கிராக்’ போட்ட மென்பொருளைப் பென் டிரைவில் வாங்கி வந்து போடுகிறார்கள். அது பிறர் உழைப்பை அனுமதியில்லாமல் எடுப்பது. அதோடு, பூட்டை உடைத்துக் கொடுத்தவன் உள்ளே எதை வைத்து அனுப்பினான் என்று நமக்குத் தெரியாது. அதே கணினியில்தான் அப்பா வங்கிக் கணக்கையும் பார்ப்பார். இந்த ஆபத்துக்கு இன்று அவசியமே இல்லை. நேர் வழியிலேயே கிடைப்பவை ஏராளம்.

விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். முன்பு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ, 2024 மே மாதம் தனிநபர் பயன்பாட்டுக்கும், அதே ஆண்டு நவம்பரில் எல்லோருக்கும் இலவசமானது. விண்டோஸ் சர்வரை மைக்ரோசாஃப்ட் 180 நாள் சோதனைப் பதிப்பாகத் தருகிறது. ரெட் ஹேட் நிறுவனம் 2021 முதல், தனிநபர் டெவலப்பர் சந்தாவில் 16 கணினிகள் வரை கட்டணமில்லாமல் அனுமதிக்கிறது. வலையமைப்பு பழக சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இருக்கிறது. கல்லூரி மின்னஞ்சல் முகவரி உள்ள மாணவர்களுக்கு ‘அஜூர் ஃபார் ஸ்டூடன்ட்ஸ்’ திட்டத்தில் கிரெடிட் கார்டு இல்லாமலே 100 டாலர் மதிப்புள்ள கிளவுட் வசதி கிடைக்கிறது. படிப்பு முடிந்தால் அந்த மின்னஞ்சலும் போய்விடும். இரண்டாம் ஆண்டிலேயே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. சலுகை கொடுத்தவர் கையில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. ஒரு காலத்தில் மைக்ரோசாஃப்டின் ‘டெக்நெட்’ சந்தா இருந்தது. ஆண்டுக்குச் சில நூறு டாலர் கட்டினால் அவர்களுடைய மென்பொருள்களில் பெரும்பாலானவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். உலகம் முழுவதும் வீட்டில் பழகியவர்கள் அதை நம்பியிருந்தார்கள். 2013 ஆகஸ்ட் 31-ஓடு விற்பனையை நிறுத்திவிட்டார்கள். விஎம்வேர் பயனர் குழுவான ‘விமக்’ சுமார் 200 டாலர் ஆண்டுச் சந்தாவில் ஒரு வருடத்துக்கான பழகும் உரிமங்களைத் தந்துவந்தது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. அதன் பிறகு விதி மாறியது. சந்தா மட்டும் போதாது, குறிப்பிட்ட சான்றிதழ் தேர்விலும் தேறியிருந்தால்தான் உரிமம் என்றாகிவிட்டது. பணம் கட்டிப் பழக நினைத்தவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

எனவே எந்தச் சந்தாவுக்கும் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாளைக்கு? நாள் முடிந்தால் தானாகவே பணம் பிடிப்பார்களா? எதற்குப் பயன்படுத்த அனுமதி? பழகுவதற்குக் கொடுத்த உரிமத்தை மாமாவின் கடைக் கணக்குக்குப் பயன்படுத்தினால் அது வாக்கு மீறல்தான். அப்புறம் சிக்கலும் வரும். சோதனை நாள் முடிந்த விண்டோஸ் சர்வர் மணிக்கொரு முறை தானாக அணைந்துவிடும். பில் போடும் நேரத்தில் அணைந்தால் மாமா உங்களைத்தான் கேட்பார்!

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. சில கிளவுட் சேவைகள் ‘இலவசம்’ என்று சொல்லி கார்டு எண்ணைக் கேட்கும். பிள்ளை ஒரு சர்வரைத் தொடங்கிவிட்டு மறந்து தூங்கிவிடும். அது தூங்காது. இலவச அளவு தாண்டியதும் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். கார்டைக் கொடுப்பதாக இருந்தால் செலவு எச்சரிக்கையை முதலில் அமைக்கச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் கார்டு கேட்காதவற்றிலேயே பழகினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் சொல்கிறேன். பிசிஏ, பிஎஸ்சி முடித்த மகளைக் கோவைக்குத் தினம் அனுப்ப யோசிக்கிறீர்கள். யோசித்து முடிப்பதற்குள் அவள் படித்தது மறந்துவிடுகிறது. தினம் ஒரு மணி நேரம் வீட்டுக் கணினியை அவளுக்கு விடுங்கள். என் தங்கச்சி அப்படித்தான் கையை விடாமல் வைத்திருந்தாள். பிறகு வேலை கேட்டுப் போனபோது தைரியமாகப் பேசினாள். வீட்டில் பழகுவது வேலைக்குப் பதில் ஆகாது. வேலைக்குப் போகிற வழி அது.

மாணவர்களே, முதல் மாதம் ஒரே வேலை. ஒரு சர்வர், இரண்டு கணினி. முகவரி கொடுங்கள், பயனர் கணக்கு உண்டாக்குங்கள். பிறகு நீங்களே கெடுங்கள். மறுபடி சரிசெய்யுங்கள். என்ன கெட்டது, எப்படிச் சரியானது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் உங்களுக்குக் கைகொடுப்பது அந்த நோட்டுதான். உரிமம் காலாவதியாகும். சந்தா நின்றுபோகும். கைப்பழக்கம் காலாவதியாவதில்லை.

வேலையில் இருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு பிள்ளையுடன் உட்காருங்கள். அன்று எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்த வளையல் அம்மா கையிலேயே இருந்திருக்கும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.