தடையும் மனமும்: அளவுகோல் சொல்வது என்ன?

தமக்கு உரியது என்று ஒருவர் கருதும் சுதந்திரம் பறிக்கப்படும்போது, அதை மீட்கத் தூண்டும் மன எழுச்சியை அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1966இல் விளக்கினார். உளவியலில் இது எதிர்ப்புணர்வு எனப்படுகிறது. இவ்வுணர்வு எளிதில் எழும் இயல்பை அளக்க, ஹாங், பேஜ் ஆகியோர் 1989இல் வெளியிட்ட வினாநிரலில் 14 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஏற்கிறார் என்பதை விடையளிப்பவர் ஐந்து படிகளுள் ஒன்றால் குறிக்க, அவற்றின் கூட்டுத்தொகை அவருடைய மதிப்பெண்ணாகிறது. தெரிவுகள் சுருங்கும்போது தோன்றும் எரிச்சலையும் மனக்கசப்பையும் இவ்வினாநிரலின் ஒரு பகுதி அளக்கிறது.

பெண்கள் மீதான தடைகளைப் பற்றிக் கேட்கும் இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வோ, சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஊருக்கு வெளியேயும் தனியே செல்லப் பெண்களுக்கு அனுமதி உண்டா என்று கேட்பதால், தடையைக் காட்டுகிறதே தவிர, அது தரும் வருத்தத்தைக் காட்டுவதில்லை.

தமக்கு உண்டென்றே எண்ணாத சுதந்திரத்துக்காக எதிர்ப்புணர்வு எழாது என்பது பிரெமின் கருத்து. ஆகவே, மணமான பெண் ஒருவர் அவ்வினாநிரலில் பெறும் குறைந்த மதிப்பெண்ணை மனநிறைவு என்று முடிவுகட்டாமல், தடையின் அளவையும் உணர்வின் அளவையும் சேர்த்துப் பார்ப்பதும், கணவரோ மாமியாரோ அருகில் இல்லாதபோது விடைகளைப் பெறுவதும் பெண்கள் மீதான தடையை ஆராய்வதற்கு இன்றியமையாதவை.