உப்பு எங்கே போகும்?

பிள்ளை பட்டம் வாங்குவதைப் பார்க்க ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, இந்த வெயிலில் கறுப்பு அங்கிக்குள் வெந்துகொண்டிருக்கும் மாணவ மாணவியரே!

அந்த அங்கியில் இருந்தே தொடங்குகிறேன். அது பாலியஸ்டராக இருக்கலாம். ஆனால் உள்ளே யாராவது கறுப்புப் பனியன் போட்டிருந்தால் அது பருத்திதான். அநேகமாக இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டரில் திருப்பூரில் சாயத்தில் நனைந்த துணிதான். அந்தத் துணி ஒரு கிலோவைக் கறுப்பாக்க எவ்வளவு உப்பு வேண்டும் தெரியுமா? ஏறக்குறைய அரைக் கிலோ. பழைய வின்ச் மெஷின் காலத்தில் அதைவிடக் கூடுதல்.

காரணம் எளிது. தண்ணீரில் நனைந்த பருத்தி நூலுக்கு எதிர்மின் சுமை. சாயத்துக்கும் அதே சுமை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பு போய்ப் பஞ்சாயத்துப் பண்ணினால்தான் சாயம் நூலுக்குள் இறங்கும். பஞ்சாயத்து முடிந்ததும் உப்புக்கு அங்கே வேலை இல்லை. போட்ட உப்பில் ஒரு சிட்டிகைகூடத் துணியில் தங்காது, அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். எங்கே போகும்? என் வாழ்க்கையில் முப்பத்தைந்து வருஷத்தை இந்த ஒரு கேள்வி தின்றிருக்கிறது.

நான் வேதியியல் படித்தது எண்பதுகளில். அப்பா காடாத்துணித் தறி ஓட்டினார். பட்டம் வாங்கிய கையோடு திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் சேர்ந்தேன். எந்தப் பட்டறை என்று சொல்லப் போவதில்லை, அது இப்போது இல்லை. என் வேலை நிறம் பொருத்துவது. வாங்குபவர் அனுப்பிய துண்டுத் துணியும் எங்கள் துணியும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன். மழை பெய்யும் இரவுகளில் பின்பக்க ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள். ஓடையில் வெள்ளம் போகும்போது என்ன நிறத் தண்ணீர் கலந்தாலும் தெரியாது. நான் லேபில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் ஆற்றங்கரை விவசாயி ஒருவர் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். “இதெ கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க தம்பி, தென்னையெல்லாம் ஓலை காயுது” என்றார். மீட்டரை முக்கினேன். கரைந்த உப்பு லிட்டருக்கு ஐயாயிரம் மில்லிகிராமைத் தாண்டிக் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்கும் அளவு 500, வேறு வழியே இல்லை என்றால் 2,000. நான் அவரிடம், “லேசா உப்பு இருக்குதுங்க” என்றேன். “லேசாங்களா?” என்று கேட்டுவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ‘லேசாங்களா’ இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அவர் தென்னை காய்ந்ததற்கும் வேதியியலின் முதல் நோபல் பரிசுக்கும் ஒரே காரணம்தான். இன்று நான் சொல்ல வந்தது அந்தக் கதை.

1877-இல் வில்ஹெல்ம் பெஃபர் என்ற ஜெர்மன் தாவர இயலாளர் நுண்துளை உள்ள ஒரு சுட்ட மண் கலயத்தை எடுத்துக்கொண்டார். நம் வீட்டுத் தண்ணீர்ப் பானை எப்படிக் கசியுமோ அப்படிக் கசியும் கலயம். அதன் துளைகளுக்குள் ஒரு செம்புச் சேர்மத்தை மெல்லிய படலமாகப் படியவிட்டார். தண்ணீர் புகும், சர்க்கரை புகாது, அப்படி ஒரு படலம். உள்ளே சர்க்கரைக் கரைசல், வெளியே வெறும் தண்ணீர். வெளித் தண்ணீர் விறுவிறுவென்று உள்ளே ஏறியது. வெறும் ஒரு சதவீதச் சர்க்கரைக் கரைசல் பாதரசத்தை அரை மீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்தியது. பாயசத்தில் போட்ட உலர் திராட்சை உப்புவதும், உப்புக்கண்டத்தில் இருந்து நீர் கழன்று கறி சுருங்குவதும் இந்தச் சங்கதிதான். பெஃபர் அதற்கு எண் கொடுத்தார்.

அந்த எண்களைத் தாவர இயலாளர் ஹியூகோ டி விரீஸ் ஆம்ஸ்டர்டாமில் தன் சகாவான வான்ட் ஹாஃபிடம் பேச்சுவாக்கில் சொன்னார். வான்ட் ஹாஃப் கணக்குப் போட்டுப் பார்த்தார். கரைந்திருக்கும் பொருளை ஒரு வாயு என்று வைத்துக்கொண்டு, வாயு விதியை அப்படியே போட்டால் விடை பொருந்தியது! எவ்வளவு கரைந்திருக்கிறதோ அவ்வளவு அழுத்தம்.

இந்த வான்ட் ஹாஃப் யார்? 22 வயதில், கார்பன் அணுவின் நான்கு கைகளும் நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று சிறு வெளியீடு போட்டவர். அப்போது வேலை கிடைத்ததோ உட்ரெக்ட் நகரத்துக் கால்நடைக் கல்லூரியில். ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர் ஹெர்மன் கோல்பே, தன் இதழிலேயே, மாட்டு டாக்டர் பள்ளிக்கூடத்து ஆளுக்கு இந்தக் கற்பனையெல்லாம் எதற்கு என்ற தோரணையில் கிழித்து எழுதினார். நாமக்கல்லில் கால்நடைக் கல்லூரி வைத்திருக்கிறோம், கறிக்கோழி விலையைப் பல்லடத்தில் இருந்து சொல்கிறோம். நமக்கு இந்த ஏளனம் ரசிக்கவில்லை. 1901-இல் வேதியியலுக்கு முதன்முதலாக நோபல் பரிசு கொடுத்தபோது அது வான்ட் ஹாஃபுக்குத்தான் போனது. அதுவும் கார்பனுக்காக இல்லை. வேதிவினைகளின் வேக விதிகளுக்கும் இந்தச் சவ்வூடு பரவல் அழுத்தத்துக்கும். கோல்பே அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இப்போது தென்னைக்கு வாருங்கள். வேருக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே மண்ணில் உப்பு கூடினால் தண்ணீர் உள்ளே ஏற மறுக்கும். பாத்தியில் ஈரம் தெரியும், மண்ணைக் கையில் எடுத்தால் பிசுபிசுக்கும், மரம் தாகத்தில் சாகும். நொய்யல் ஆற்றங்கரையில் நடந்தது அதுதான். பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் குளமாகிப் போனது. கீழே இருந்த விவசாயிகளே, தயவுசெய்து அணையைத் திறக்காதீர்கள் என்று கேட்டார்கள். ஆயக்கட்டுக்காரர்கள் அணைத் தண்ணீர் வேண்டாம் என்று நின்ற ஊர் வேறு எங்காவது இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேல். எனக்கும் வேலை போனது. அன்று நீதிமன்றத்தைத் திட்டினேன், ஒளிக்கவில்லை. இன்று அந்தத் தீர்ப்பு சரி என்கிறேன்.

ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் ஓட்டினால்தான் பட்டறை திறக்கலாம் என்றானபோது நாங்கள் நம்பியது ஒரு சவ்வை. அந்தச் சவ்வின் கதையில்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இன்னொரு பெயர் இருக்கிறது.

தண்ணீர் இயல்பாக உப்பு இருக்கும் பக்கம் ஓடும். அழுத்தம் கொடுத்துத் திருப்பித் தள்ளினால் உப்பை விட்டுவிட்டு நல்ல தண்ணீர் இந்தப் பக்கம் வரும். வான்ட் ஹாஃப் கணக்கின்படி லிட்டருக்கு ஒரு கிராம் சமையல் உப்பு என்றால் சுமார் 0.8 வளிமண்டல அழுத்தம். கடல் நீர் என்றால் 27 அளவில் வரும். காகிதத்தில் இது சுலபம். ஆனால் உப்பை நிறுத்தும் சவ்வு எது? 1950-களில் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் செல்லுலோஸ் அசிடேட் படலம் உப்பை நிறுத்துகிறது என்று கண்டார்கள். நிறுத்தியது, ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஒரு குடம் நிரம்ப எத்தனை நாள் ஆகுமோ!

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் இரண்டு பேர் இதை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சிட்னி லோப். இன்னொருவர் இந்தியாவில் பிறந்து அங்கே போன சீனிவாச சௌரிராஜன். பெயரைக் கேட்டதும் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது. கடையில் விற்கும் படலத்தை வாங்கி வெந்நீரில் சூடாக்கிச் சோதித்தார்கள். ஒரு முறை உப்பு நின்றது, இன்னொரு முறை நிற்கவில்லை. அதே படலம், அதே சூடு. என்ன என்று பார்த்தால், படலத்தை எந்தப் பக்கம் வைத்தோம் என்பதில் இருந்தது சூட்சுமம். ஒரு பக்கம் வைத்தால் நிற்கிறது, திருப்பி வைத்தால் நிற்கவில்லை. கண்ணுக்கு இரு பக்கமும் ஒன்றாகத் தெரிந்த படலம், உள்ளுக்குள் ஒன்றாக இல்லை.

நானாக இருந்தால் சோதனையில் ஏதோ பிசகு என்று நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பேன். நிஜமாகவே கிழித்திருப்பேன். லேப் நோட்டில் பொருந்தாத எண்ணை எத்தனை தடவை அடித்திருக்கிறோம், இங்கே உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்களுக்குத் தெரியும். அவர்கள் அடிக்கவில்லை. வேண்டுமென்றே இரு பக்கமும் வேறுபட்ட படலத்தைத் தாங்களே வார்த்தார்கள். மேலே உப்பை நிறுத்தும் மிக மெல்லிய தோல், கீழே தண்ணீரை வழியவிடும் பஞ்சு. தோல் மெலிதானதால் தண்ணீர் பல மடங்கு வேகமாக வந்தது. 1960-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1964-இல் வாங்கினார்கள். 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர், இந்த முறையில் சுத்தம் செய்த தண்ணீரைக் குடித்தது. சௌரிராஜன் பிறகு கனடாவின் ஆட்டாவாவில் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் வேலை பார்த்தார். இன்று உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. பெட்டிக்குள் இருக்கும் சவ்வு, பிற்பாடு ஜான் கடோட் உருவாக்கிய வேறு பாலிமர். ஆனால் மெல்லிய தோலும் தாங்கும் பஞ்சும் என்ற அமைப்பு அந்த இருவருடையது.

அவர்களுக்கு நோபல் இல்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் வேதியியல் நோபல் வாங்கியபோது நாம் பட்டாசு வெடித்தோம், வெடிக்க வேண்டியதுதான். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு மறுபடி மாணவனாகப் போய் உயிரியல் படித்தவர் அவர். சௌரிராஜன் பெயரை இந்த அரங்கில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். பரவாயில்லை, நானே வேலை போன பிறகுதான், நாற்பது வயது தாண்டித்தான் கேள்விப்பட்டேன். அந்த வருஷம் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்து, வான்ட் ஹாஃப் சமன்பாட்டை மறுபடி புத்தகத்தில் தேடி எடுத்தேன். பி.எஸ்சி.யில் ஐந்து மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்த அதே வரி. இந்த முறை அது மின்கட்டணமாக வந்து நின்றது.

எப்படி என்றால், தண்ணீரைப் பிரிக்கப் பிரிக்க மிச்சக் கழிவில் உப்பு அடர்கிறது. அடர அடரத் தேவைப்படும் அழுத்தம் ஏறுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் சவ்வு தாங்காது, காய்ச்சி ஆவியாக்கத்தான் வேண்டும். விறகுக்கும் கரண்டுக்கும் காசு அங்கேதான் எரிகிறது. திருப்பூர்ப் பகுதியில் இப்படி 18 பொது நிலையங்கள் வந்தன. இன்று சாயத் தண்ணீரில் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் திரும்பிச் சாயத் தொட்டிக்கே போகிறது. சோடியம் சல்பேட்டைப் பிரித்து மறுபடி சாயம் போடவே தருகிறோம். வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வாய் பிளக்கிறார்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு.

ஆனால் என் கேள்வி இன்னும் முடியவில்லை. ஆவியாக்கிய பிறகு அடியில் தங்குவது ஒரு கலப்பு உப்பு. குளோரைடும் சல்பேட்டும் கொஞ்சம் சாய மிச்சமும் சேர்ந்து பழுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். பிரித்தால் இரண்டும் விலை போகும் பொருள். பிரிக்க ஆகும் செலவு அந்த விலையைத் தாண்டுகிறது. கொட்டவும் முடியாது, மழை பட்டால் மறுபடி ஓடைக்குத்தான் போகும். ஆகவே மூட்டை கட்டி, கூரை போட்ட கொட்டகையில் அடுக்கி வைக்கிறோம்.

1905-ஆம் ஆண்டு வேதியியல் நோபல், சாயங்களை ஆராய்ந்த அடால்ஃப் ஃபான் பேயருக்குப் போனது. சாயத்துக்கு 1905, சாயத் தண்ணீருக்கு வழி சொன்ன விதிக்கு 1901. விடை முன்னாலும் வினை பின்னாலும் வந்திருக்கிறது பாருங்கள். இந்தப் பழுப்பு மூட்டைக்கு யாரும் இன்னும் எதுவும் வாங்கவில்லை. உப்பே இல்லாமல் பருத்தியைச் சாயத்தில் நனைக்க ஒரு வழி, அல்லது இரண்டு உப்பையும் மலிவாகப் பிரிக்க ஒரு வழி, இரண்டில் எது வந்தாலும் கொட்டகை காலியாகும். பெரிய ஆய்வுக்கூடம் கிடைத்தால்தான் செய்வேன் என்று காத்திருக்காதீர்கள். பெஃபர் எடுத்தது மண் கலயம், லோபும் சௌரிராஜனும் எடுத்தது கடையில் விற்ற படலம்.

இன்று வேதியியலில் பட்டம் வாங்குபவர்கள், வாங்காவிட்டாலும் ஆர்வம் உள்ளவர்கள், வருகிற சனிக்கிழமை என்னோடு வரலாம். நிலையத்தில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். துறைத்தலைவரிடம் பெயர் கொடுங்கள். காலை ஒன்பது மணிக்குக் கல்லூரி வாசலில் வேன் நிற்கும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். கொட்டகைத் தரை வழுக்கும்.