மணி அடங்கியது, நீர் அடங்கவில்லை



வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்னையில் குடியேறிய முதிய தம்பதியர், ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் வாழ்ந்து வருகின்றனர். வெளியூரில் பணிபுரியும் மகன் ஒருமுறை வந்தபோது, பாத்திரம் துலக்கும் தொட்டியின் அடியில் உள்ளங்கை அளவுள்ள ஒரு கருவியை வைத்துச் சென்றார். நீர் கசிந்தால் ஒலியெழுப்பும் கருவி அது. எவ்வாறு ஒலிக்கும் என்பதை ஈரத்துணியால் தொட்டுக் காட்டினார். ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, பெற்றோரும் கேட்கவில்லை.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அது ஒலித்தது. மாடித் தொட்டி நிரம்பிவிட்டது என்று பெரியவர் எண்ணினார். மேல்நிலைத் தொட்டிக்கென அடுக்ககத்தில் தனியே ஒரு மணி உண்டு. பல்லாண்டுகளாக அவர் செவி பழகியது அதற்குத்தான். டார்ச் விளக்குடன் மொட்டைமாடி ஏறிப் பார்த்தார், மோட்டார் ஓடவில்லை. அவர் இறங்கி வருவதற்குள் அம்மையார் சமையலறைத் தரையைத் துடைத்து, கருவியின் அடிப்புறத்தையும் துடைத்து, மேடைமேல் எடுத்து வைத்துவிட்டார். ஒலி நின்றுபோயிற்று.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. சிங்க்குக்கு அடியில கொஞ்சம் தண்ணி. தொடச்சிட்டேன், படுங்க."

இருவரும் உறங்கினர்.

அக்கருவியின் இயல்பை இங்கே சற்று அறிந்துகொள்வது நல்லது. அதன் அடிப்புறத்தில் இரண்டு சிறிய உலோக முனைகள் உள்ளன. நீர் அவ்விரண்டையும் இணைக்கும்போது மிக மெல்லிய மின்னோட்டம் பாய்கிறது. கருவி அதை உணர்ந்து ஒலிக்கிறது. முனைகள் உலர்ந்தால் ஒலி அடங்கிவிடும். நீர் எங்கிருந்து வந்தது, இன்னும் வருகிறதா என்பவை அதற்குத் தெரியா. அம்மையார் உலர்த்தியது கருவியை. கசிவு இருந்தபடியே இருந்தது.

குடிநீரைத் தூய்மை செய்யும் கருவிக்குச் செல்லும் மெல்லிய குழாய், இணைப்பிலிருந்து பாதி நழுவியிருந்தது. அதிலிருந்து வழிந்த நீர் அலமாரியின் பின்புறமாக ஓடி, கழிவுநீர்க் குழாய் இறங்கும் துளையின் ஓரமாகக் கீழ்த்தளத்திற்கு இறங்கியது. நிமிடத்திற்கு அரை லிட்டர் எனக் கொண்டாலும், இரண்டு மணி முதல் ஐந்தரை மணி வரை 210 நிமிடங்களில் 105 லிட்டர். குடத்தில் அளந்தால் ஏழு குடம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு முதல் தொடர்வண்டி சென்னைக்கு வந்ததே, அந்தக் கோடையில் இதே அம்மையார் தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடத்துடன் காத்து நின்றவர். கிணற்று நீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை அதே கிணற்றில் திரும்பச் சேர்ப்பித்த மாமியாரிடம் குடும்பம் நடத்தப் பயின்றவர். நீரின் அருமை அறியாத வீடன்று அது.

ஐந்தரை மணிக்கு அழைப்புமணி ஒலித்தது. வாசலில் கீழ்வீட்டுப் பெண், தோளில் கைக்குழந்தை.

"ஐயா, எங்க கிச்சன் சுவரெல்லாம் தண்ணி இறங்குது. பாப்பாவுக்குப் பால் காய்ச்சலாம்னு லைட் சுவிட்சைத் தொட்டேன், ஷாக் அடிச்சிடுச்சு."

பெரியவர் வாயிலிருந்து வந்த முதற்சொல் இது: "எங்க வீட்டுல எதுவும் ஒழுகலையேம்மா."

அவர் பொய்யுரைத்துப் பழகியவர் அல்லர். இரவில் மணி ஒலித்ததும் அவர் அறிந்ததே. ஆயினும் பழுதுச் செலவு யார் தலையில் விழுமோ என்னும் அச்சம் அடுக்ககங்களில் நல்லவர் நாவையும் புரட்டிவிடுகிறது. பின்னால் வந்து நின்ற அம்மையார்தாம் சொன்னார்: "இல்லீங்க, நம்ம வீட்டுத் தண்ணிதான். ராத்திரி மணி அடிச்சுதே." சொல்லிவிட்டுக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். பெரியவர் ஒன்றும் பேசாமல் மாடிக்குச் சென்றார், வால்வை மூட.

எந்த வால்வை? மொட்டைமாடியில் பன்னிரண்டு வால்வுகள் இருந்தன. எதிலும் வீட்டு எண் இல்லை. ஊகித்து ஒன்றைத் திருகினார், அது அசையவில்லை. பல்லாண்டு தொடாத வால்வு உப்புப் படிந்து இறுகிப்போகும். வலிந்து திருகினால் தண்டு முறிந்துவிடுவதும் உண்டு. இறுதியில், சுத்திகரிப்புக் கருவிக்குச் செல்லும் குழாயிலேயே கட்டைவிரல் அளவுள்ள ஒரு சிறு வால்வு இருப்பதைப் பிளம்பர் வந்து காட்டினார். அதை மூட ஒரு நொடி போதுமாயிருந்தது.

இத்தகைய மணி ஒலித்தால் முதலில் எண்ண வேண்டியது மின்சாரத்தை. ஈரத்தரையில் நின்றபடி எந்தச் சுவிட்சையும் தொடலாகாது. மெயின் சுவிட்சு உலர்ந்த இடத்தில் இருந்தால் அதை அணைக்கலாம்; அதுவே நனைந்திருந்தால் அருகில் செல்லாமல் மின்பணியாளரை அழைக்க வேண்டும். அடுத்து, நீர் வரும் வழியை மூட வேண்டும். மூன்றாவதாக, நள்ளிரவேயானாலும் கீழ்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். உறக்கம் கலைந்த வருத்தம் காலையில் போய்விடும். துடைக்கும் துணி இவற்றுக்கெல்லாம் பின்னரே வர வேண்டியது. பெரும்பாலான வீடுகளில் அதுதான் முந்திக்கொள்கிறது.

மணியே ஒலிக்காத கசிவுகளும் உண்டு. கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் சிறிது வண்ணப்பொடி கலந்து, கால் மணி நேரம் நீர் இறக்காமல் விட்டுப் பார்த்தால், கீழே வண்ணம் இறங்குவதைக் கொண்டு அதைக் கண்டுகொள்ளலாம். பிளம்பரிடம் கேட்டால் இன்னும் பல வழிகள் சொல்வார்.

கீழ்வீட்டுச் சுவர் உலர மூன்று வாரங்கள் ஆயின. சுவிட்சுப் பெட்டியை மாற்றிய செலவைப் பெரியவர் கேளாமலே கொடுத்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவலாளியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, பன்னிரண்டு வால்வுகளுக்கும் மஞ்சள் வண்ணத்தில் வீட்டு எண் எழுதினார். மாதத்தில் ஒருநாள் தம் வால்வைத் திருகித் திறந்து மூடுகிறார். கருவியின் மேல் ஒட்டிய தாளில் கீழ்வீட்டுப் பெண்ணின் கைப்பேசி எண் இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து, மற்றோர் இரவில் மீண்டும் ஒலி கேட்டது. பெரியவர் சிறு வால்வை மூடினார். மாடி ஏறிப் பெரிய வால்வையும் மூடினார். இறங்கிச் சென்று கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். எங்கும் ஈரமில்லை. கூர்ந்து கேட்டபோதுதான், அது நிமிடத்திற்கு ஒருமுறை "கிக்" என்று மட்டும் ஒலிப்பது புரிந்தது. பேட்டரி தீர்ந்திருந்தது. கீழ்வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே, குழந்தையின் பொம்மையிலிருந்து பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தாள்.