எண்ணாமல் எண்ணுதல்

கோலா கெத்தில் தோட்டங்களுக்கு வடமேற்கே மூடா நெல்வயல்கள் விரிகின்றன. நீர் தேங்கி உயிர்வளி அற்ற சேற்றில் சில நுண்ணுயிரிகள் நைட்ரேட்டைக்கொண்டே சுவாசித்து, அதனை நைட்ரசன் வளியாக்கி வெளியிடுகின்றன. உழவர் இட்ட உரத்தின் ஒரு பங்கு இவ்வாறே காற்றோடு போகிறது.

அவற்றை எண்ணுவது எங்ஙனம்? மண்கரைசலைப் பத்துப்பத்து மடங்காக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் நைட்ரேட்டுக் குழம்புள்ள ஐந்து குழாய்களில் இட்டுக் காற்றுப் புகாமல் வைப்பர். நைட்ரேட்டு மறைந்து குமிழி தோன்றிய குழாய்களைக் குறித்து, நிகழ்தகவு அட்டவணையில் விடை காண்பர். ஓர் உயிரியையேனும் எவரும் கண்ணால் காண்பதில்லை!

இதனை 'எண்ணிக்கை' எனப் பெயர்த்தால் மாணவர் உறுதியான தொகையென மயங்குவர். 'எண்ணுதல்' கணக்கிடுதலையும் கருதுதலையும் ஒருங்கே சுட்டும். 'எண்ணிக்கை'யிலோ பின்னது தேய்ந்துவிட்டது. ஆகவே, உய்த்துணர்ந்த எண்ணை 'உய்த்தெண்' என்பேன். மறுப்பிருப்பின் கூறுங்கள்.